பெரியத்தை எடுத்த வளையல்கள்

போன மாதம் நம் தோழி மகளின் கல்யாணத்தில், சாப்பாடு முடிந்து நாமெல்லாம் மண்டபத்து மின்விசிறிக்குக் கீழே நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். பேச்சு எப்படியோ சின்ன வயதில் உளறிக் கொட்டிய கதைகளுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடமே, "நீங்க போன தடவை கொண்டாந்த பலகாரத்த எங்கம்மா மாட்டுக்கு வெச்சுப்போட்டாங்க" என்று சொன்ன கதையை ஒருத்தி சொன்னாள். கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும், "புள்ளைகளுக்கு என்ன தெரியும் பாவம், வாயில வந்தத சொல்லீரும்" என்று இன்னொருத்தி சொன்னாள். நான் மோர் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனேன். திரும்பி வரவில்லை. மூட்டு வலி, காரில் போய்ப் படுத்துவிட்டாள் என்று நினைத்திருப்பீர்கள்.

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை.

அப்போது எனக்குப் பத்து வயது முடிந்திருந்தது. வீடு கணபதியில். அப்பா மோட்டார் பம்புக்கு உதிரி பாகங்களை லேத்தில் கடைந்து கொடுக்கும் பட்டறை ஒன்று வைத்திருந்தார். அவருக்குத் தங்கைகள் இரண்டு பேர். அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் முன்பே போய்விட்டதால் இருவரும் எங்களோடுதான் இருந்தார்கள். நான் பெரியத்தை, சின்னத்தை என்று கூப்பிடுவேன். கல்யாணம் சின்னத்தைக்கு.

மூத்தவள் இருக்க இளையவளுக்கு ஏன் என்று கேட்பீர்கள். பெரியத்தையின் கைகளில் வெண்புள்ளி இருந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும், விரல் நுனியிலும், பால் சிந்திக் காய்ந்ததுபோல் திட்டுத்திட்டாக. இது ஒட்டுகிற வியாதி இல்லை, உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று டவுனில் பெரிய டாக்டரே சொல்லியிருந்தார். ஆனாலும் அவளைப் பெண் கேட்டு வந்த இரண்டு இடமும் கையைப் பார்த்ததும் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவது இடம் வர அவளே விடவில்லை.

சின்னத்தையைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, யாரும் சொல்வதற்கு முன்பே, "நான் காரமடைக்குப் போயிப் பெருமாளைக் கும்பிட்டுட்டு சாயங்காலமா வாரேன்" என்று பெரியத்தை காலையிலேயே கிளம்பிவிட்டாள். மூத்தவளைப் பற்றி அவர்கள் கேட்டபோது, "அவளுக்கு சாமி பக்திங்க, கல்யாணமே வேண்டாம்னுட்டாளுங்க" என்று அப்பா சொன்னார். சம்பந்தம் முடிவானது. சின்னத்தை மட்டும் ஒரே பிடியாக நின்றாள். "என்ற அக்கா சேலை கட்டியுட்டாத்தான் நான் மேடைக்கு வருவேன்." கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெரியத்தை மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த ரவிக்கை போட்டுக்கொண்டு மணப்பெண் அறையிலேயே இருந்துகொள்வது, வெளியே வருவதில்லை. அவள் அதற்கே சந்தோஷப்பட்டாள். சந்தன நிறத்தில் துணி எடுத்துத் தானே தைத்துக்கொண்டாள்.

முகூர்த்தப் பட்டு மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தது. பெட்டியைத் திறந்ததும் அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது. வெங்காயச் சருகு நிறம். நிழலில் பார்த்தால் பழுப்பு, வெயிலில் பிடித்தால் ரோஜா. கரை மட்டும் கரும்பச்சை. "இதுக்கு எந்த வளையலப் போடறது, எந்தப் பூவ வெக்கறது?" என்று அம்மா தலையில் கை வைத்தாள். பெரியத்தை சேலையை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் குஞ்சத்திலிருந்து இரண்டு நூலை உருவி, ஒன்று சேலை உடலின் நிறம், ஒன்று கரையின் நிறம், ஒரு தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டாள்.

"நான் போயி எடுத்துட்டு வாரேன். கல்யாணப் பொண்ணு வெயில்ல அலைய வேண்டாம். அவ கையும் என்ற கையும் ஒரே அளவுதான்" என்றாள். என்னைப் பார்த்து, "வாரயா கண்ணு?" என்றாள்.

நான் அவளோடு போகாத கடைவீதி அந்தக் காலத்தில் கிடையாது. பொத்தான் வாங்க, நூல் வாங்க, எதற்குப் போனாலும் நான்தான் துணை. காந்திபுரம் போய் இன்னொரு பஸ் மாறி டவுன்ஹாலில் இறங்கினோம். பெரியத்தை புடவைத் தலைப்பால் இரண்டு கையையும் மூடிக்கொண்டுதான் பஸ்ஸில் உட்காருவாள். கண்டக்டரிடம் டிக்கெட் வாங்குவது என் வேலை.

அன்றைக்கு அவள் எடுத்தது ஒவ்வொன்றும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஜடைக்கு வைக்கும் குஞ்சலத்தைச் சேலையின் நிறத்தில் தேடாமல் கரையின் பச்சையில் எடுத்தாள். "சேலையும் ரோசு, குஞ்சலமும் ரோசுன்னா முதுகுல ஒண்ணும் தெரியாது கண்ணு." ஜிமிக்கிக்குச் சிவப்புக் கல் வேண்டாம் என்று தள்ளிவிட்டு முத்துத் தொங்கலாக எடுத்தாள். பூக்காரரிடம், மல்லிகையை மட்டும் கட்டாமல் நடுநடுவே மரிக்கொழுந்து வைத்துக் கட்ட வேண்டும் என்று சொல்லி, எவ்வளவு நெருக்கமாக என்று விரலால் காட்டினாள். ஒவ்வொரு கடையிலும் தீப்பெட்டியைத் திறந்து நூலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். "டியூப்லைட்ட நம்பக் கூடாது. வெயிலுக்கு வந்தாத்தான் நெறம் நெசம் பேசும்."

வளையல் கடை உக்கடத்துக்குப் போகும் வழியில் ஒரு சந்தில் இருந்தது. கடைக்காரர் தலையில் வெள்ளைத் தொப்பி போட்டிருப்பார், தாடி முழுக்க நரை. மற்ற கடைகளில் பெரியத்தையின் கையைப் பார்த்தால் வளையலை அட்டையோடு மேஜையில் வைத்து, "நீங்களே போட்டுக்குங்க" என்பார்கள். இவர் அப்படி இல்லை. "கையக் குடுங்கம்மா" என்று வாங்கி, விரல்களைக் குவித்துப் பிடித்து, பவுடர் தடவி, ஒவ்வொன்றாக ஏற்றுவார். உடைந்த வளையலை நான் அவர் கடையில் பார்த்ததே இல்லை.

முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் பெரியத்தை கரும்பச்சையில் ஒரு ஜோடி, அதற்கடுத்துத் தேன் நிறத்தில் ஒன்று, மறுபடி பச்சை என்று மாற்றி மாற்றி அடுக்கச் சொன்னாள். தன் கையில் போட்டு வாசலுக்குப் போய் வெயிலில் நீட்டினாள். நூலை மேலே வைத்தாள். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அம்மணி, இருவது வருசமா கடை வெச்சிருக்கறேன், எனக்கே இது தோணலீங்க" என்றார். பெரியத்தை வாய் விட்டுச் சிரித்தாள். கையை மூட மறந்து தெருவில் நின்று அவள் சிரித்தது அன்று ஒரு நாள்தான்.

அப்போது நான் ஒரு நீல வளையல் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். மயில் கழுத்தில் இருக்கிற நீலம், மேலே ஜிகினாப் பொடி. எனக்கு இது வேண்டும் என்றேன்.

"நீலம் வேண்டாங் கண்ணு" என்றாள் பெரியத்தை. "உன்ற நெறத்துக்கு நீலம் போட்டா கை இன்னும் கறுப்பாத் தெரியும். இந்தா, இந்த மாம்பழக் கலரப் போட்டுப் பாரு."

பக்கத்தில் காலேஜ் பெண்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். இருவரும் என் கையைப் பார்த்தார்கள், அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாயைப் பொத்தினார்கள். நான் கறுப்பு என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் என்ன பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டீர்கள் என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் பெரியத்தை அதைச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. அவளுக்கு அது வசவு இல்லை. எல்லாருடைய நிறத்தையும் அவள் துணியைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். பத்து வயதில் எனக்கு அது புரியவில்லை. மாம்பழ நிற வளையலை எனக்குப் போட்டுவிட்டு, "எப்படி எடுத்துக் காட்டுது பாருங்க" என்று கடைக்காரரிடம் காட்டினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் கடலை வாங்கிக் கொடுத்தாள். நான் வாங்கிக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான்கைந்து நாள் கழித்து, முன்பின் சொல்லாமல் மாப்பிள்ளையின் அம்மா காரில் வந்து இறங்கினார். பெண்ணுக்கு எல்லாம் தயாராகிவிட்டதா என்று பார்த்துப் போக வந்தாராம். பெரியத்தைக்கு வெளியே போக நேரம் இல்லை. சமையலறையை ஒட்டிய சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவு சரியாகச் சேராது. ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருக்கும்.

சின்னத்தைக்குச் சேலையை மேலே போர்த்தி, வளையல் போட்டு, ஜிமிக்கி மாட்டி உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்தச் சேலைக்கு எதுவுமே ஒத்து வராதுன்னு எங்க ஊட்டுல எல்லாரும் சொன்னாங்க. இத்தன பொருத்தமா ஆருங்க எடுத்தது?"

"நாந்தானுங்க" என்றாள் அம்மா. "ரெண்டு நாளாக் கடை கடையா ஏறி எறங்குனனுங்க."

சின்னத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மா இல்லீங்க, பெரியத்தைதான் எடுத்தாங்க" என்றேன் நான்.

மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். "அப்படியா கண்ணு? அவங்களுக்கு இத்தன ரசனையா? எங்க அவங்க?"

"காரமடைக்குப் போயிருக்காளுங்க" என்றாள் அம்மா அவசரமாக.

"அவங்க கையில போட்டுப் பாத்துத்தானுங்க எடுத்தாங்க" என்றேன்.

அதிலும் ஒரு தவறும் இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு ஜிமிக்கியைத் தொட்டுப் பார்க்கப் போய்விட்டார். பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அம்மாவின் பொய்யைத் திருத்தியதோடு நான் நிறுத்தியிருந்தால் நீங்கள் சொன்ன உளறல் கதைகளில் இதுவும் ஒன்று. எனக்கு அந்தக் காலேஜ் பெண்கள் வாயைப் பொத்தியது ஞாபகம் வந்தது. சாமான் அறைக் கதவைப் பார்த்தேன். உள்ளே அவள் நிற்பது தெரிந்தது. அவள் காரமடைக்குப் போனது ஏன், நீளக் கை ரவிக்கை எதற்கு என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

"அந்தக் கையெல்லாம் வெள்ளை வெள்ளையா இருக்குமுங்க" என்றேன்.

அம்மா என் தோளைப் பிடித்தாள். மாப்பிள்ளையின் அம்மா சின்னத்தையின் கையை விட்டார். "என்ன சொல்லுது புள்ள?" என்று அம்மாவைக் கேட்டார்.

சாமான் அறைக் கதவு திறந்தது. பெரியத்தை வெளியே வந்தாள். முதலில் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை வருடத்தில் மறந்திருப்பேன். தெரியாத வீட்டுப் பிள்ளையை யார் இது என்று பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். அப்புறம் தலைப்பை விலக்கி இரண்டு கையையும் நீட்டினாள்.

"இதுதானுங்க. மறைச்சது எங்க தப்புதானுங்க. ஆனா இது ஒட்டற வியாதி இல்லீங்க. பெரிய டாக்டர்கிட்டயே காட்டியாச்சுங்க."

மாப்பிள்ளையின் அம்மாவைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். பயந்துபோய்விட்டார். "பொண்ணு பேசறப்பவே சொல்லியிருக்கோணுமில்லீங்க?" என்று கேட்டுக்கொண்டே சின்னத்தையின் கையிலிருந்து வளையல்களை உருவ ஆரம்பித்தார். அவசரமாக உருவினார். ஒரு பச்சை வளையல் உடைந்து சின்னத்தையின் மணிக்கட்டில் கீறிவிட்டது. ரத்தம் சேலைக் கரையில் படக் கூடாது என்று பெரியத்தை ஓர் எட்டு முன்னால் வந்தாள். அவர், "நீங்க தொடாதீங்க" என்றார். பெரியத்தை அப்படியே நின்றுவிட்டாள்.

அப்பா பட்டறையிலிருந்து வந்து, குளிக்காமலேயே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். பத்திரிகை கொடுத்து முடித்தாயிற்று, அதனால் கல்யாணம் நிற்காது. ஆனால் மூத்தவள் மண்டபத்துக்கு வரக் கூடாது. அவள் தொட்டு எடுத்த சாமான் ஒன்றும் பெண் மேல் இருக்கக் கூடாது. அப்பா பெரியத்தையிடம்தான் சத்தம் போட்டார். "உன்னைய ஆரு கையில போட்டுப் பாக்கச் சொன்னது?" அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கியபோது பெரியத்தை குறுக்கே வந்தாள்.

"சின்னப் புள்ளைங்க. அதுக்கு என்ன தெரியும். உடுங்க."

நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று அழுதேன். பயத்தில்தான் அழுதேன்.

இந்தக் கல்யாணமே வேண்டாம் என்றாள் சின்னத்தை. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. பெரியத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ போலீன்னா அந்தப் பழியும் எம்மேலதான் வரும் அம்மணி. எனக்கு அது வேணுமா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு சின்னத்தை எழுந்து முகம் கழுவினாள்.

அம்மா அவசர அவசரமாகப் போய் வேறு வளையல்கள் வாங்கி வந்தாள். கிளிப்பச்சை. மேடையில் அந்தச் சேலைக்கு அவை யாரோ கடன் கொடுத்ததுபோல் இருந்தன. மரிக்கொழுந்து இல்லாமல் மல்லிகையை மட்டும் தடிமனாக வைத்திருந்தார்கள். தாலி ஏறும் நேரத்தில்கூட சின்னத்தை வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சேலை கட்டிவிட்டது யாரோ தூரத்துச் சொந்தம்.

என் கையில் மாம்பழ நிற வளையல்கள் இருந்தன. அவையும் பெரியத்தை தொட்டு எடுத்தவைதான். அதை யாரும் நினைக்கவில்லை. மண்டபத்தில் மூன்று நான்கு பேர் என்னைக் கூப்பிட்டு, "இந்தப் புள்ளைக்கு இந்தக் கலரு எத்தன எடுப்பா இருக்குது பாருங்க" என்றார்கள். அப்போது நான் என் கையைப் பார்த்தேன். பெரியத்தை சொன்னது சரிதான்.

வீடு திரும்பியபோது பெரியத்தை தானே பொங்கித் தின்றுவிட்டு, நெல்லிக்காயைத் துணியில் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். சந்தன நிற ரவிக்கை மடிப்புக் கலையாமல் பெட்டி மேல் இருந்தது. "பொண்ணு அழுதாளா?" என்று கேட்டாள். "இல்லீங்க" என்றேன். அது பொய்.

அடுத்த வாரம் அவள் அந்த வளையல்களையும் குஞ்சலத்தையும் ஜிமிக்கியையும் காகிதத்தில் சுற்றி ஒரு மஞ்சள் பையில் போட்டாள். யாருக்காவது ஆகட்டும், கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கிளம்பினாள். "வாரயா கண்ணு?" என்றாள்.

"வயித்து வலீங்க அத்தை" என்றேன்.

தனியாகத்தான் போனாள். டிக்கெட்டை அன்றைக்கு எப்படி வாங்கினாளோ தெரியாது. அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் ஒவ்வொரு தடவையும் கேட்பாள். நான் பரீட்சை என்பேன், தலைவலி என்பேன். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒரே வீட்டில் இருந்தோம், அவள் தைத்த பாவாடையைத்தான் போட்டேன். அவளோடு தனியாக ஒரு அறையில் இருக்க மட்டும் என்னால் முடியவில்லை. என் கல்யாணத்துக்குச் சேலையும் நகையும் எடுக்கப் போனபோது, அம்மா கூடக் கேட்டாள், "உங்க பெரியத்தையக் கூட்டிட்டுப் போலாமா?" என்று. நான்தான், "அவங்களுக்கு எதுக்குங்கம்மா அலைச்சல்?" என்றேன். உள்ளறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னதும் அது நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது.

சின்னத்தை நன்றாகத்தான் வாழ்ந்தாள். சில வருடங்களில் அவள் மாமியாரே மனசு மாறி, "உங்க அக்காவ வரச் சொல்லு" என்று கார் அனுப்பினார். பெரியத்தை போகவில்லை. "இருக்கட்டுங்க" என்று டிரைவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

பெரியத்தை இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்குச் சில மாதம் முன்பு கணபதி வீட்டுக்குப் போயிருந்தேன். எண்பதைத் தாண்டியிருந்தாள். புள்ளிகள் பரவிப் பரவி, உடம்பு முழுக்க ஒரே வெள்ளையாகிவிட்டிருந்தது. அவளைக் கவனித்துக்கொள்ள வந்த புதுப் பெண் என்னிடம், "பாட்டி வயசுல என்ன நெறமா இருந்திருப்பாங்க இல்லீங்க!" என்றாள். பெரியத்தை அதைக் கேட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அந்தப் பெண் துணி காயப்போட மாடிக்குப் போனாள். பெரியத்தை முறத்தில் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு பிடி எடுத்துக்கொண்டேன். இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி இல்லை என்று தோன்றியது.

"அத்தை, அன்னைக்கு அந்தம்மாகிட்ட உங்க கையப் பத்தி நான் சொன்னனில்லீங்க..."

அவள் அடுத்த காயை எடுத்தாள்.

அதை வேண்டுமென்றுதான் சொன்னேன் என்று சொல்லத்தான் போனேன். நாக்கு நுனி வரை வந்தது. ஐம்பது வருடமாக எல்லோரும் எனக்குக் கொடுத்த வார்த்தைதான் வெளியே வந்தது.

"சின்னப் புள்ளைங்க. தெரியாமச் சொல்லிப்போட்டனுங்க."

ஒரு காயை முழுக்க உரித்து முடித்தாள். நாரைத் தனியாக வைத்தாள்.

"தெரியாமச் சொன்னவ எதுக்கு கண்ணு அதுக்கப்புறம் எங்கூடக் கடைவீதிக்கு வாரதையே உட்டுப்போட்டே?"

குரலில் கோபம் இல்லை. நெடுநாள் மனசில் வைத்திருந்த சந்தேகத்தைக் கேட்பதுபோல் கேட்டாள். பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் அந்தப் பெண் இறங்கி வரும் சத்தம் கேட்டதும், நான் முறத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.